கப்பதோக்கியா: பலூன் வேண்டாம், நடந்து பார்க்கணும். எந்தப் பள்ளத்தாக்கு?

பயணப்பை

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் துருக்கி போறோம். நான், கணவர், மாமியார். கோரெமெ ஊரிலேயே தங்குறதா முடிவு. எங்கே தேடினாலும் பலூன் பலூன்னுதான் வருது. விடியற்காலையில் கூடையில் ஏறி மேலே இருந்து எட்டிப் பார்த்துட்டு வர எங்களுக்கு ஆர்வம் இல்லை. அந்தக் கூம்புப் பாறைகளுக்கு நடுவே நடக்கணும், குடைஞ்ச வீடுகளைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்.

ஒரு ஏஜென்ட் "ஜீப்பில் அரை நாளில் எல்லாப் பள்ளத்தாக்கும் காட்டிடுறோம்" என்கிறார். நம்பலாமா? வழிகாட்டி இல்லாம நாமளே நடக்க முடியுமா? அத்தை அறுபதைத் தாண்டியவங்க, சமதளத்தில் என்னை விட வேகமா நடப்பாங்க. ஆனா முட்டி வலி. செங்குத்தான இறக்கமும் ஏணியும் ஆகாது. அவங்களுக்கும் ஏத்த மாதிரி தடம் சொல்லுங்க.

குன்றுவழி

ஜீப்பை விடுங்க. அது போய் நிக்கிறதெல்லாம் விளிம்பில்தான். இறங்கி ஃபோட்டோ எடுக்கப் பத்து நிமிஷம், நடுவில் ஓனிக்ஸ் கல் கடையில் அரை மணி நேரம். பள்ளத்தாக்குக்குள்ளே கால் வைக்கவே மாட்டீங்க.

கோரெமெயில் தங்குறது நல்ல முடிவு. ஊரை விட்டு வெளியே வந்தா நாலா பக்கமும் தடம் தொடங்குது. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும்னா ரோஜாப் பள்ளத்தாக்கு, அங்கே குல்லுதெரேன்னு கேட்கணும். அதை ஒட்டியே சிவப்புப் பள்ளத்தாக்கு, கிஸில்சுகுர். அதுக்கு மேலே சூரியன் மறையறதைப் பார்க்கக் கூட்டம் கூடுற மேடு ஒண்ணு இருக்கு. காலையில் டாக்சி பிடிச்சு அந்த மேட்டில் இறங்கி, கீழ்நோக்கி நடந்து சாவுஷின் கிராமத்தில் முடிங்க. ஏற்றம் கம்மி. முடியற இடத்தில் அவானோஸ்–கோரெமெ பஸ் போற ரோடு. தொடக்கத்தில் இறக்கம் சறுக்கும், அத்தை கையில் ஊன்றுகோல் கட்டாயம். சரிவில் சாம்பல் பாறை உதிர்ந்து கிடக்கும், தரையில் கடுகைக் கொட்டினாப்ல இருக்கும். ஈரத்தை விட அதுதான் ஆளை வாரி விடும்.

தூரத்தை வச்சுக் கணக்குப் போடாதீங்க. கிலோமீட்டர் கொஞ்சம்தான், ஆனா நிக்க வேண்டிய இடம் அதிகம். வழியில் "கொலோன்லு கிலிசே", தூண் தேவாலயம். வெளியே இருந்து பார்த்தா ஒரு பாறை, அதில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே ஏறிப் போய்க் கண் இருட்டுக்குப் பழகினதும் உயரமான தூண் வரிசை தெரியும். எதுவும் கட்டினது இல்லை. தூணா நிக்க வேண்டியதை விட்டுட்டு மிச்சப் பாறையைக் கொத்தி வெளியே அள்ளிக் கொட்டியிருக்காங்க. பக்கத்திலேயே மூணு சிலுவைத் தேவாலயம். அங்கே அண்ணாந்து பாருங்க, கூரையிலேயே புடைப்பாகச் சிலுவை வெட்டியிருக்கும்.

அடுத்தது காதல் பள்ளத்தாக்கு. உயரமான வெள்ளைத் தூண் பாறைகள். கோரெமெ–சாவுஷின் ரோட்டுப் பக்கத்து வாயில் வழியா நுழைஞ்சு வந்த வழியே திரும்பினா கிட்டத்தட்ட சமதளம், அத்தைக்குத் தோது. அந்தப் பேர் ஏன் வந்துச்சுன்னு மட்டும் அவங்க முன்னாடி யாரையும் கேட்டுடாதீங்க.

வெயில்தாங்கி

எல்லாரும் ஆஹா ஓஹோன்னு எழுதும்போது ஒருத்தன் உண்மையைச் சொல்லணும் இல்லையா. முதல் மணி நேரம் வாயைப் பிளந்து பார்ப்பீங்க. இரண்டாவது மணி நேரம் "இதுவும் அதே கூம்புதானே"ன்னு தோணும். அதுக்கப்புறம் வெயில், தூசி, வாடகைக்கு விடற நாலு சக்கர ஏடிவி வண்டிகளோட இரைச்சல். சாயங்காலமானா வரிசையா இருபது வண்டி கிளம்பி வரும், அது எழுப்புற தூசியில் ரோஜாவும் தெரியாது, பள்ளத்தாக்கும் தெரியாது.

மாமியாரைக் கூட்டிட்டுப் போறவங்க கோரெமெ திறந்தவெளி அருங்காட்சியகத்தோட நிறுத்திக்கலாம். நல்ல தேவாலயம் எல்லாம் ஒரே வளாகத்தில், கல் பாவிய பாதை, கழிப்பறை உண்டு. பாதி வழியில் பூட்டிக் கிடக்கிற குகைக்காக முட்டியைத் தேய்ப்பானேன்?

கல்லடுக்கு

வெயில்தாங்கி சார், "அதே கூம்புதான்" என்பதை என்னால் விட்டுவிட முடியவில்லை. நான் நிலவியல் படித்தவன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியில் ஒரு கோடி ஆண்டுக்கு முன்பிருந்தே எரிமலைகள் திரும்பத் திரும்ப வெடித்திருக்கின்றன. ஒவ்வொரு பெருவெடிப்பும் கொதிக்கும் சாம்பலையும் நுரைக்கல்லையும் பல சதுர கிலோமீட்டருக்குப் பரப்பியது. அது படிந்து இறுகியதுதான் டஃப் பாறை. ஒரே அடுக்கு இல்லை, பல அடுக்கு. கவாக், ஸெல்வெ, ஜெமில்கோய், கிஸில்கயா என்று ஊர்ப்பெயர்களால் அவற்றைக் குறிப்பிடுகிறோம். ஒன்றில் இரும்பு ஆக்சைடு கூடுதல், அதனால் சிவப்பும் இளஞ்சிவப்பும். இன்னொன்று வெளுப்பு. ஒன்று நன்றாக வெந்து இறுகியது, இன்னொன்று விரல் நகத்தால் கீறினாலே உதிரும். காதல் பள்ளத்தாக்கின் தூண்களும், ரோஜாப் பள்ளத்தாக்கின் அலையலையான சரிவுகளும், பாஷாபாவின் தொப்பி போட்ட பாறைகளும் வெவ்வேறு உருவத்தில் இருப்பதற்குக் காரணம் இந்த அடுக்கு வேறுபாடுதான்.

பாஷாபாவில் ஒரு ஃபேரி சிம்னியின், அதாவது தொப்பி போட்ட தூண் பாறையின், அடியில் நின்று மேலே பாருங்கள். தலையில் இருக்கும் கருமையான கல் கடினமானது. மழை அதைக் கரைக்காது. ஆனால் அதன் விளிம்பிலிருந்து வழியும் நீர் கீழே இருக்கும் மென்மையான உடம்பை அரித்துக்கொண்டே இருக்கும். தொப்பி நிற்கும்வரை அதன் நிழலில் இருக்கும் பாறை பிழைக்கும். தொப்பி விழுந்துவிட்டால் உச்சி கூராகி, கூம்பாகி, கடைசியில் மேடாகிவிடும். அந்த ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் பாறைகளை ஒரே இடத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். இதற்குமேல் என்ன வேண்டும்?

இன்னொன்று. எர்ஜியெஸ் மலையும் (3,917 மீட்டர்) ஹசன் மலையும் கக்கிய சாம்பல் என்று எல்லா வழிகாட்டிகளும் கையை நீட்டிக் காட்டுவார்கள். பார்க்க அழகான மலைகள், தூரத்தில் பனியோடு தெரியும், கதைக்கு வசதி. ஆனால் கோரெமெயைச் சுற்றியுள்ள பெரிய சாம்பல் அடுக்குகளில் பெரும்பாலானவை நெவ்ஷெஹிருக்கும் டெரின்குயுவுக்கும் இடைப்பட்ட நிலத்தில், இப்போது மலையாகவே தெரியாத பழைய வெடிப்பு வாய்களிலிருந்து வந்தவை. அந்த இரு மலைகளும் வயதில் இளையவை.

பயணப்பை

கல்லடுக்கு சார், இதுக்காகவே தனி நன்றி. வெயில்தாங்கி சொன்ன தூசி பயம் எனக்கும் இருக்கு, அதனாலதான் காலையில் போகலாம்னு நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம். படிக்கிற கட்டுரை எல்லாத்திலும் "துறவிகள் குடைந்த குகைகள்"னே போட்டிருக்கு. இத்தனை ஆயிரம் ஓட்டையும் துறவிகளா குடைஞ்சாங்க? அவ்வளவு துறவிகளுக்குச் சோறு யார் போட்டாங்க?

ஓலைச்சுவடி

துறவு மரபு இங்கே ஆழமானது என்பதில் ஐயமில்லை. நான்காம் நூற்றாண்டில் இன்றைய கைசெரியில் ஆயராக இருந்த பாசில், துறவியர் கூடி வாழ்வதற்கு வகுத்த நெறிகள் கிழக்குத் திருச்சபை முழுவதும் பரவின. கோரெமெ அருங்காட்சியக வளாகத்தில் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே உணவுக்கூடங்கள் இருக்கின்றன. நீளமான மேசை, இரு பக்கமும் திண்ணை, தலைமாட்டில் மடத்தலைவர் அமர ஒரு மாடம். மேசையும் திண்ணையும் தரையிலிருந்து எழும்பும் ஒரே பாறை. வரிசையாகப் பலர் அமர்ந்து உண்ட இடம். மடம் இல்லாமல் வேறென்ன?

சுவரோவியங்களில் சிறந்தவை பெரும்பாலும் பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கரன்லிக், அதாவது இருட்டுத் தேவாலயத்துக்குத் தனி டிக்கெட். வாங்கத் தயங்காதீர்கள். சிறிய சன்னல் ஒன்றுதான், வெளிச்சம் புகாததால் வண்ணம் அப்படியே நிற்கிறது. தொகாலி தேவாலயத்தின் நீலப் பின்னணியை எந்தப் படத்திலும் சரியாகப் பிடிக்க முடியாது. உள்ளே படம் எடுக்கவும் அனுமதி இல்லை.

குன்றுவழி

ஓலைச்சுவடி ஐயா, அருங்காட்சியக வளாகத்தைப் பொறுத்தவரை நீங்க சொல்றது சரி. ஆனா அந்த ஒரு வளாகத்தை வச்சுக்கிட்டு மொத்தப் பிரதேசத்தையும் மடமாக்கிட்டாங்க. அங்கேதான் எனக்கு ஒத்துக்க முடியல.

முற்றம் வச்ச பெரிய குடைவரை வளாகங்களை முன்னாடி எல்லாம் மடம்னு எழுதிட்டு இருந்தாங்க. ராபர்ட் ஆஸ்டர்ஹவுட் மாதிரி பைசாந்தியத்தை, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசை, ஆராயறவங்க சான்லி கிலிசேங்கிற தேவாலயத்துப் பக்கம் அளந்து பார்த்துட்டு, இதில் பல நிலக்கிழார்களோட வீடுன்னு வாதாடினாங்க. கூடம், அடுப்படி, குதிரை லாயம், வீட்டுக்குன்னு ஒரு சின்ன தேவாலயம். துறவிக்கு எதுக்கு அவ்வளவு பெரிய குதிரை லாயம்?

அதையும் விடுங்க. பள்ளத்தாக்கில் நடக்கும்போது கண்ணுக்குத் தெரியற ஓட்டையில் பெரும்பங்கு வீடும் இல்லை, கோயிலும் இல்லை. புறா மாடம். ஒரு முகப்பைக் கிட்டப் போய்ப் பாருங்க. பாறையைச் சுரண்டி வழவழன்னு ஆக்கி வெள்ளை பூசியிருப்பாங்க. நடுவில் கை அளவு ஓட்டைங்க வரிசையா இருக்கும். சுத்தி சிவப்பில் கோலம் மாதிரி பூ, சக்கரம், மரம். வெள்ளை புறாவைக் கூப்பிடும்னு சொல்லுவாங்க. வழவழப்பான சுவரில் மரநாய் ஏறாது. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடக்குழி, குறுக்கே கம்பு. வருஷத்துக்கு ஒரு தடவை அடைச்ச வாசலைத் திறந்து எச்சத்தை அள்ளித் திராட்சைக்கும் ஆப்ரிகாட் மரத்துக்கும் போடுவாங்க. இந்தச் சாம்பல் மண்ணில் திராட்சை வருதுன்னா புறாவுக்குத்தான் நன்றி சொல்லணும்.

அடுத்த தடவை நடக்கும்போது காலுக்குக் கீழேயும் பாருங்க. மெஸ்கெந்திர் பள்ளத்தாக்கில் தடமே சில இடத்தில் சுரங்கத்துக்குள்ளே நுழைஞ்சு போகும். குகைன்னு நினைச்சுட்டு ஃபோட்டோ எடுப்பாங்க. அது மழைத்தண்ணிக்கு வெட்டின வழி. ஓடையைப் பாறைக்குள்ளே திருப்பி விட்டு, மேலே இருக்கிற துண்டு நிலம் அரிச்சுப் போகாமக் காப்பாத்தியிருக்காங்க. இதெல்லாம் பார்க்கும்போது எனக்குத் தோணறது இதுதான்: இந்தப் பள்ளத்தாக்கு ஒரு பெரிய தோட்டம். அதில் சில துறவிங்களும் இருந்தாங்க, அவ்வளவுதான். கட்டுரை எழுதறவங்க தோட்டக்காரனை விட்டுட்டுத் துறவியை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க.

ஓலைச்சுவடி

புறா மாடங்கள் பிற்காலத்தவை, பல பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றை வைத்து பத்தாம் நூற்றாண்டுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. நிலக்கிழார் வீடுகள் பற்றிய வாதம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் உணவுக்கூடங்கள் பல ஒரே இடத்தில் நெருங்கி இருப்பதற்கு அந்த வாதத்தில் விடை இல்லை.

நீங்கள் விட்டுவிட்ட ஒன்றும் உண்டு. அந்தத் தோட்டக்காரர்கள்தான் தேவாலயங்களைக் காத்தவர்கள். வழிபாடு நின்றபின் வாசலையும் சன்னலையும் அடைத்துப் புறாவுக்கு விட்டதால் பல ஓவியங்கள் பிழைத்தன. சாவுஷினில் சாலையோரமே இருக்கும் தேவாலயத்துக்கு இன்றும் பெரிய புறா மாடம் என்றுதான் பெயர். இரும்புப் படி ஏறிப் போகவேண்டும். முன்மண்டபம் இடிந்து விழுந்ததால் அதன் உட்சுவரில் இருந்த தேவதூதர் உருவங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. உள்ளே பேரரசர் இரண்டாம் நிக்கெஃபோரஸ் ஃபோகாஸும் அரசி தெயோஃபனோவும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். அவர் ஆண்டது 963 முதல் 969 வரை. ஆகவே ஓவியத்தின் காலம் தானே தெரிந்துவிடுகிறது. தேதி இவ்வளவு துல்லியமாகக் கிடைக்கும் தேவாலயம் இங்கே அபூர்வம்.

பல ஓவியங்களில் கண்கள் சுரண்டப்பட்டிருக்கும். அதன்மேல் கிரேக்க எழுத்தில் பெயரும் ஆண்டும் கீறியிருப்பதையும் காணலாம். இங்கே வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களில் பலர் துருக்கி மொழி பேசி, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள். 1923ஆம் ஆண்டு லோசானில் கையெழுத்தான மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தின்படி அவர்கள் கிரீஸுக்கு அனுப்பப்பட்டார்கள். மதத்தை வைத்துப் பிரித்தார்களே தவிர, பேசும் மொழியை எவரும் கேட்கவில்லை.

வெயில்தாங்கி

ஐயா இருவரும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போடுங்க, நான் நடுவில் வரல. நான் கேட்கிறது ஒண்ணுதான். 1950கள் வரைக்கும் அந்தக் குகையில் குடும்பம் நடத்தினவங்க இருந்தாங்களே, அவங்களைப் பத்தி யாரும் எழுதமாட்டீங்களா? ஸெல்வெயில் ஜனங்களை 1952இல் காலி பண்ணச் சொன்னாங்க. பாறை விரிசல் விட்டு இடியுதுன்னு காரணம். கொஞ்சம் தள்ளிப் புது ஊர் கட்டிக் கொடுத்தாங்க. ஸெல்வெ இப்போ அருங்காட்சியகம். பாறைக்குள்ளே மசூதி இருக்கு, மாவு அரைக்கிற இடம் இருக்கு. ஒரு வீட்டுக்குள்ளே நுழைஞ்சா கூரை முழுக்க அடுப்புக் கரி. தரையில் ரொட்டி சுடற தந்தூர்க் குழி. சுவரோரமா மாட்டுக்குத் தீவனத் தொட்டி, அதோட விளிம்பில் கயிறு கட்ட ஓட்டை. மாடு இழுத்து இழுத்து அந்த ஓட்டையோட ஓரம் தேய்ஞ்சிருக்கும். எனக்கு எந்தச் சுவரோவியத்தை விடவும் அதுதான் பிடிச்சது.

சாவுஷின்லயும் பழைய ஊர் முகப்பே சரிஞ்சுதான் கிடக்கு. பாறை முகம் பேர்ந்து விழுந்து, வீட்டுக்குள்ளே இருந்த அறையெல்லாம் இப்போ வெளியே இருந்தே தெரியும்.

குன்றுவழி

வெயில்தாங்கி, இரண்டாவது மணி நேரத்தில் சலிச்சுப் போன ஆள் பேசற பேச்சா இது!

வெயில்தாங்கி

சலிச்சது கூம்பு. மாட்டுத் தொட்டி இல்லை.

மூச்சுக்காற்று

நடுவில் ஒரு கேள்வி. நான் மருத்துவத் துறையில் இருக்கேன். கப்பதோக்கியா கிராமங்களில் மெசோதெலியோமா, அதாவது நுரையீரலைச் சுத்தியிருக்கிற உறையில் வர்ற புற்றுநோய், அதிகம்னு படிச்ச ஞாபகம். அந்தப் பாறைத் தூசியை மணிக்கணக்கில் சுவாசிச்சு நடக்கிறது பாதுகாப்பா? கட்டுரை எழுதறவங்க யாரும் இதைத் தொடறதே இல்லை.

கல்லடுக்கு

நல்ல கேள்வி. காரணம் எரியோனைட் என்ற கனிமம். கல்நார் போலவே நுண்ணிழையாக இருக்கும். அதைவிடவும் கொடியது. கராயின், துஸ்கோய், பழைய சரிஹிதிர் ஆகிய கிராமங்களில் வீடு கட்டிய கல்லிலேயே அது இருந்தது. அங்கே பிறந்து, அந்தக் கல்லுக்குள்ளேயே வாழ்நாள் முழுக்க மூச்சுவிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக மெசோதெலியோமாவில் இறந்தார்கள். துருக்கிய மருத்துவர் இஸ்ஸெத்தின் பாரிஷ் 1970களில் இதை ஆராய்ந்து வெளியே கொண்டுவந்தார். துஸ்கோய் மக்களைப் பிற்பாடு புதிய இடத்துக்கு மாற்றினார்கள்.

எல்லா டஃப் பாறையிலும் எரியோனைட் இருப்பதில்லை. குறிப்பிட்ட சூழலில் நிலத்தடி நீரோ ஏரி நீரோ சாம்பலோடு வினைபுரிந்த இடத்தில்தான் அது உருவாகும். அதனால்தான் ஒரு கிராமத்தில் நோய், பக்கத்துக் கிராமத்தில் இல்லை. கோரெமெ சுற்றுவட்டாரத் தடங்கள் அந்த மூன்று கிராமங்களில் இல்லை. சில மணி நேர நடைக்கு அஞ்ச வேண்டாம் என்பேன். ஏடிவி வண்டிக்குப் பின்னால் நடக்கும்போது மூக்கை மூடிக்கொள்வது எந்தப் பாறைக்கும் நல்லது.

தனிநடை

இத்தனை பேர் வரலாறு பேசிட்டீங்க, பயணப்பை கேட்ட முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். வழிகாட்டி இல்லாம நடக்கலாம். பெண்ணா தனியா நடந்தவள் சொல்றேன், பகலில் தைரியமாப் போங்க. ஆனா சில விஷயம் தெரிஞ்சுட்டுப் போங்க.

வழிப்பலகை இருக்கும், பிரிவு வர்ற இடத்தில் மட்டும் இருக்காது. ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சுக்கோங்க. பள்ளத்தாக்குக்குள்ளே சிக்னல் போயிடும். குதிரை, ஏடிவி, நடை எல்லாத்துக்கும் தனித்தனித் தடம் பிரிஞ்சு பிரிஞ்சு போகும். குளம்படித் தடத்தைப் பிடிச்சுட்டே போனா சில நேரம் யாரோட திராட்சைத் தோட்டத்திலோ போய் முட்டும். அது தனியார் நிலம். சுத்தி வாங்க, கொடி மேல மிதிக்காதீங்க. ஆப்ரிகாட் மரத்தில் கை வைக்காதீங்க.

ஓட்டை தெரிஞ்சா ஏறிப் பார்க்கணும்னு கை பரபரக்கும். ஏறிடலாம், இறங்கறதுதான் கஷ்டம். பழைய படிக்கட்டுங்கிறது பாறையில் கால் வைக்க வெட்டின குழிதான், தேய்ஞ்சு போய்ச் சாய்வா இருக்கும். பால்கனி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற தரையில் நிக்கவே நிக்காதீங்க, கீழே எவ்வளவு கனம் பாக்கி இருக்குன்னு மேலே இருந்து தெரியாது. விரிசல் ஓடற கூரைக்குக் கீழே உக்காந்து சாப்பிடாதீங்க.

ஏப்ரல், மே மாசத்தில் மத்தியானத்துக்கு மேல இடி மழை சகஜம். மேகம் கறுத்தா பள்ளத்தாக்கோட அடிமடியில் இருக்காதீங்க. குன்றுவழி சொன்ன அந்தத் தண்ணி வழி எதுக்கு வெட்டினாங்கன்னு அன்னைக்கு நல்லாப் புரியும். சுரங்கம் வழியாப் போற தடத்தை மழை நாளில் விட்டுடுங்க. நனைஞ்ச டஃப் பாறை ஷூ அடியில் பசையா ஒட்டும். ஊர் ஆயிரம் மீட்டருக்கும் மேல உயரத்தில் இருக்கு, வெயில் சுடும், நிழலுக்கு வந்தா குளிரும். காலையில் ஸ்வெட்டர் இல்லாமக் கிளம்பாதீங்க.

நாய்கள். பயப்படாதீங்க. கோரெமெ நாய் ஒண்ணு ரெண்டு தானாவே சேர்ந்து வந்து, நீங்க நின்னா நின்னு, நடந்தா நடந்து, கடைசி வரைக்கும் வரும். ஆட்டு மந்தைக் காவல் நாய் வேற ஜாதி. மந்தை தெரிஞ்சா தூரமாச் சுத்திப் போங்க.

சூரியன் மறையறதைப் பார்த்துட்டு இறங்கி நடக்கலாம்னு திட்டம் போட்டா டார்ச் எடுத்துக்கோங்க. இல்லைன்னா திரும்பறதுக்கு முன்னாடியே வண்டி பேசி வச்சுடுங்க, அந்த மேட்டில் இருந்து பஸ் கிடையாது.

பயணப்பை

தனிநடை அக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன். அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன், "நாய் வருமா?"ன்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டாங்க, சந்தோஷமாத்தான்.

இப்போ திட்டம் இப்படி. முதல் நாள் ரோஜாப் பள்ளத்தாக்கு மேட்டில் இருந்து சாவுஷின் வரைக்கும், முடிவில் அந்தப் பெரிய புறா மாடம். இன்னொரு நாள் பாஷாபா, ஸெல்வெ. ஒரு நாள் காதல் பள்ளத்தாக்கு சமதளப் பாதி, சாயங்காலம் உச்ஹிசார் கோட்டை. டெரின்குயு பாதாள நகரத்தையும் இஹ்லாராவையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

குன்றுவழி

டூர் பஸ் எல்லாம் அப்படித்தான் முடிக்குது. நீங்க செய்யாதீங்க. டெரின்குயு சுமார் 85 மீட்டர் ஆழம், பார்வைக்குத் திறந்திருக்கிறது அதில் ஒரு பகுதிதான். குனிஞ்சே நடக்கிற குறுகின படிவழி. அத்தை முட்டிக்கு அது சரிவராது. மூச்சு முட்டற பயம் இருக்கிறவங்களுக்கும் ஆகாது. அந்த நேரத்தை இஹ்லாராவுக்குக் கொடுங்க.

இஹ்லாரா முழுக்க வேற உலகம். மெலெந்திஸ் ஆறு பாறையை நேரா அறுத்துக்கிட்டுப் போற பள்ளம். நூறு மீட்டருக்கும் மேலான சுவர் இரு பக்கமும், அடியில் பாப்ளார் மரமும் தண்ணிச் சத்தமும். மொத்தம் 14 கிலோமீட்டர். பிரதான வாசலில் கிட்டத்தட்ட நானூறு படி இறங்கணும். அத்தையைக் கூட்டிட்டு அங்கே போகாதீங்க, பெலிசிர்மா கிராமத்துக்கு வண்டியிலேயே போயிடலாம். அங்கே தரை ஆற்று மட்டத்துக்கே வந்துடும். அங்கே இருந்து ஆற்றோரமா முடிஞ்ச வரைக்கும் நடந்துட்டுத் திரும்புங்க. ஆற்றுக்கு நடுவிலேயே பரண் கட்டிச் சாப்பாடு போடுவாங்க.

ஓலைச்சுவடி

பெலிசிர்மா போகிறீர்கள் என்றால் கிர்க்தமால்தி தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். புனித ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் ஏற வேண்டும், உங்களில் ஒருவராவது போய்ப் பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டியது. அதில் ஜார்ஜுக்கு ஒரு பக்கம் தமர் என்ற பெண்மணி தேவாலயத்தின் சிற்றுருவைக் காணிக்கையாக நீட்டுகிறாள். மறுபக்கம் பாசில் என்ற அதிகாரி, தலைப்பாகையும் அன்று இங்கே ஆண்ட செல்ஜூக் துருக்கியரின் பாணி அங்கியும் அணிந்து நிற்கிறான். கல்வெட்டில் சுல்தான் மெசூதின் பெயரும் பைசாந்தியப் பேரரசர் அந்திரோனிகோஸின் பெயரும் சேர்ந்தே வருகின்றன. ஆண்ட சுல்தான் முஸ்லிம், கும்பிட்ட குடி கிறிஸ்தவர், உடுத்தியது தலைப்பாகை. ஓவியம் சிதைந்திருக்கிறது, ஆனால் உருவங்கள் பிடிபடும்.

குன்றுவழி தம்பிக்கு ஒரு சொல்: தமர் அந்தத் தேவாலயத்துக்குத் திராட்சைத் தோட்டம் ஒன்றை எழுதிவைத்ததும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது.

குன்றுவழி

பாருங்க ஐயா, கடைசியில் தோட்டம்தான் வந்து நின்னுச்சு.

பயணப்பை

இரண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. கடைசிக் கேள்வி: கோரெமெ அருங்காட்சியகம் முதல் நாளா, கடைசி நாளா?

ஓலைச்சுவடி

முதல் நாள் வேண்டாம். பள்ளத்தாக்கில் பூட்டும் பலகையும் இல்லாத தேவாலயங்களை முதலில் பாருங்கள். பிறகு போனால் அருங்காட்சியகத்தில் எதன்முன் நிற்பது என்று உங்களுக்கே தெரியும். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், சுற்றுலாப் பேருந்துகள் வந்தபின் சிறிய தேவாலயங்களுக்கு வெளியே வரிசை நிற்கும். வெளியே வரும்போது டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தொகாலி வாசலுக்கு வெளியே, இறக்கத்தில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதே டிக்கெட்தான், பாதிப் பேர் தெரியாமல் பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

தனிநடை

அத்தைக்கும் சொல்லிடுங்க, நாயை உள்ளே விடமாட்டாங்க. வாசலில் காத்திருக்கும்.